டி செல் இருந்தும் கட்டி ஏன் வளர்கிறது? சுண்டெலி ஆய்வுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். அதற்கு முன் சில வருடம் வெளியூரில் ஒரு புற்றுநோய் ஆய்வகத்தில் சுண்டெலிகளோடு வேலை. இது தெரிந்ததிலிருந்து மாணவர்களும் அக்கம்பக்கத்தாரும் மகாராஜநகர் உழவர் சந்தையில் எதிர்ப்படுகிறவர்களும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். நின்றுகொண்டே அரைகுறையாகப் பதில் சொல்வதைவிட எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது. இது மருத்துவ ஆலோசனை இல்லை. சிகிச்சை பற்றி முடிவெடுக்க வேண்டியது உங்களைப் பார்க்கிற டாக்டரிடம்தான்.

"எங்க மாமா காய்ச்சல்னு படுத்ததே இல்லை டீச்சர். அவருக்கு எப்படிப் புற்றுநோய் வந்தது? எதிர்ப்பு சக்தி இல்லாமப் போச்சா?"

இருந்திருக்கும். காய்ச்சல் கிருமி வெளியிலிருந்து வருவது. புற்றுச் செல் நம் சொந்தச் செல்லிலிருந்தே கிளம்பியது. சொந்தச் செல்லைத் தாக்கிவிடாதபடி உடம்பு தன் எதிர்ப்புச் செல்களுக்குப் பல தடைகளைப் போட்டு வைத்திருக்கிறது. அந்தத் தடைகளையே கட்டி தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது.

வெட்டியெடுத்த கட்டியை மெல்லிய துண்டாகச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தால், பல கட்டிகளுக்குள் வெள்ளையணுக்கள் கொத்துக்கொத்தாக இருக்கும். அதில் சில, அந்தக் கட்டியை அடையாளம் கண்டுகொண்டே உள்ளே போனவை. ஆனாலும் கட்டி வளர்ந்துகொண்டிருக்கும். எதிர்ப்புச் செல் இல்லாததால் அல்ல, அங்கே போன பிறகு அதன் வேலை நின்றுபோவதால் வருகிற சிக்கல் இது. கீழே வருகிற எல்லாப் பதிலும் இதைச் சுற்றித்தான்.

டி செல் என்பது எது?

வெள்ளையணுக்களில் ஒரு வகை. எலும்பு மஜ்ஜையில் பிறந்து, நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் தேர்ச்சி பெற்று வெளியே வரும். அதில் சிடி8 வகைதான் கொல்லி. கெட்டுப்போன செல்லை ஒட்டிக்கொண்டு, பெர்ஃபோரின், கிரான்சைம் என்ற புரதங்களைச் செலுத்திக் கொன்றுவிடும்.

ஒவ்வொரு செல்லும் தனக்குள் என்னென்ன புரதம் இருக்கிறது என்பதை, சின்னத் துண்டுகளாக்கி, எம்ஹெச்சி என்ற தாங்கியில் வைத்து வெளியே காட்டிக்கொண்டிருக்கும். டி செல் அந்தத் துண்டைத்தான் படிக்கிறது. இந்த ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

ஏன் சுண்டெலி? வேறு விலங்கே கிடைக்கவில்லையா?

வீட்டில் அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஓடுகிற அதே இனம்தான். எடை 20 முதல் 25 கிராம். சினையான மூன்று வாரத்தில் குட்டி போடும், ஆறிலிருந்து எட்டு வாரத்தில் குட்டி வளர்ந்துவிடும். மனிதனுக்கு இருக்கிற எதிர்ப்புச் செல் வகைகள் ஏறக்குறைய எல்லாமே அதற்கும் உண்டு.

இன்னொரு காரணம் இவற்றைவிட முக்கியம். அண்ணன் தங்கைகளையே 20 தலைமுறைக்குமேல் இணைசேர்த்து உண்டாக்கிய வகைகள் இருக்கின்றன. அந்த வகைக்குள் எந்த இரண்டு எலியை எடுத்தாலும் மரபணு அச்சு அசலாக ஒன்றுதான். ஒன்றின் கட்டியை இன்னொன்றுக்கு மாற்றினால், 'இது அந்நியம்' என்று உடம்பு தள்ளிவிடாது. சி57பிளாக்6 என்ற கறுப்பு எலியும் பால்ப்-சி என்ற வெள்ளை எலியும் உலகம் முழுக்க அதிகம் புழங்குகிறவை.

படங்களில் முடியில்லாமல், சுருக்கம் விழுந்த தோலோடு ஓர் எலியைப் பார்த்திருப்பீர்கள். அதற்குத் தைமஸ் வளராது, எனவே டி செல்லும் கிடையாது. மனிதக் கட்டியைக்கூட அதில் வளர்க்கலாம். ஆனால் நாம் பேசுகிற கேள்விக்கு அது உதவாது. டி செல்லே இல்லாத எலியில் டி செல் ஏன் சோர்கிறது என்று எப்படிப் பார்ப்பது? 'எலியில் மருந்து வேலை செய்தது' என்று செய்தி வந்தால், எந்த எலி என்று முதலில் பாருங்கள்.

எலிக்குக் கட்டி எப்படி வருகிறது? தானாக வருமா?

மூன்று வழி உண்டு. மெத்தில்கொலாந்த்ரீன் போன்ற ரசாயனத்தை ஊசியாகப் போட்டுச் சில மாதம் காத்திருக்கலாம். மரபணுவை மாற்றி, குறிப்பிட்ட உறுப்பில் தானாகக் கட்டி வரும்படி செய்யலாம். அதிகம் நடப்பது மூன்றாவது வழி, வளர்ப்பில் இருக்கிற புற்றுச் செல்லை ஊசியில் ஏற்றுவது.

கறுப்பு எலிக்கு பி16 என்ற மெலனோமா (தோல் புற்றுநோயில் ஒரு வகை) செல் இருக்கிறது. குடுவையில், இளஞ்சிவப்புத் திரவத்தில், 37 டிகிரியில் வளரும். தரையோடு ஒட்டி வளர்வதால் டிரிப்சின் என்ற என்சைமை ஊற்றிக் கிளப்ப வேண்டும். உப்புநீரில் இரண்டு முறை கழுவி, கோடு போட்ட கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு விட்டு, கட்டம் கட்டமாக எண்ண வேண்டும். அப்புறம் ஓரிரு லட்சம் செல்களைப் பத்தில் ஒரு மில்லி திரவத்தில் கலந்து பனிக்கட்டியில் வைத்துக்கொள்வார்கள். எலியின் விலாப்பக்கம் முடியை மழித்து, ஊசியைத் தோலுக்கடியில் சாய்வாக நுழைத்து மெதுவாக அழுத்தினால், ஒரு சின்னக் கொப்பளம் எழும்பும். எழும்பவில்லை என்றால் ஊசி ஆழமாகப் போய்விட்டது என்று அர்த்தம். அந்த எலியைக் கணக்கில் சேர்க்க முடியாது.

ஒரு வாரத்துக்கு ஒன்றும் தெரியாது. அப்புறம் விரலுக்குத் தட்டுப்படும். பி16 மெலனின் நிறமியை உண்டாக்குவதால் மழித்த தோலுக்கடியில் கறுப்பாகவே தெரியும். அன்றிலிருந்து இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை காலிப்பரில் அளக்க வேண்டும், பிளஸ் டூ இயற்பியல் லேபில் எல்லோரும் பிடித்த அதே வெர்னியர்தான். நீளத்தை அகலத்தின் வர்க்கத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் கன அளவு கிடைக்கும். 8 மில்லிமீட்டர் நீளம், 6 மில்லிமீட்டர் அகலம் என்றால் 144 கன மில்லிமீட்டர். எலி நெளிந்துகொண்டே இருக்கும், ஒருவர் அளந்ததும் மற்றவர் அளந்ததும் ஒத்துவராது. அதனால் முதல் நாள் அளந்தவரே கடைசிவரை அளப்பது நல்ல ஆய்வகங்களில் வழக்கம். எந்தக் கூண்டுக்கு மருந்து, எந்தக் கூண்டுக்கு வெறும் உப்புநீர் என்று அளப்பவருக்குத் தெரியாமல் இருப்பது அதைவிட நல்லது.

எதிர்ப்புச் செல்கள் கட்டியை எதிர்க்கின்றன என்பதற்கே என்ன ஆதாரம்? அவை சும்மா அந்தப் பக்கம் போயிருக்கலாமே?

நியாயமான சந்தேகம். விஞ்ஞானிகளுக்கும் இது வெகுகாலம் இருந்தது. 1957இல் பிரென், மெயின் என்ற இருவர் ரசாயனத்தால் எலிக்குக் கட்டி வரவைத்து, அதை அறுத்தெடுத்துவிட்டு, அதே கட்டியைத் திரும்ப வைத்துப் பார்த்தார்கள். இரண்டாம் தடவை கட்டி பிடிக்கவில்லை. அதே வகை எலியின் சாதாரணத் தோலை வைத்தபோது உடம்பு அதைத் தள்ளவும் இல்லை. கட்டியில் மட்டும் ஏதோ அடையாளம் இருக்கிறது, உடம்பு அதை நினைவில் வைத்திருக்கிறது என்று அப்போது தெரிந்தது.

2001இல் ராபர்ட் ஷ்ரைபர் குழு இன்னும் அழுத்தமாகக் காட்டியது. டி செல், பி செல் (ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்தைச் செய்கிற வெள்ளையணு) இரண்டுமே இல்லாத எலிகளுக்கு ரசாயனக் கட்டி அதிகமாக வந்தது. அது எதிர்பார்த்ததுதான். அடுத்தது சுவாரசியம். அந்த எலிகளில் வளர்ந்த கட்டிகளை எடுத்து நல்ல எலிகளுக்கு வைத்தால், பாதிக்குச் சற்றுக் குறைவான கட்டிகளை நல்ல எலிகள் ஒழித்துக்கட்டின. நல்ல எலியில் வளர்ந்த கட்டியை வேறொரு நல்ல எலிக்கு வைத்தாலோ, எல்லாமே வளர்ந்தன. ஏனென்றால் நல்ல எலியில் வளர்ந்த கட்டி ஏற்கெனவே சலிக்கப்பட்ட கட்டி. எளிதில் பிடிபடுகிற செல்களை டி செல்கள் கொன்றுவிட்டன, தப்பிக்கத் தெரிந்தவை மட்டும் பெருகிவிட்டன. ஆஸ்பத்திரியில் நாம் பார்க்கிற கட்டி ஒவ்வொன்றும் இப்படித் தப்பித்து வந்ததாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம்.

சரி, கட்டி அப்படி என்னதான் செய்கிறது?

ஒரு வேலை இல்லை, பல வேலை. எல்லாக் கட்டியும் எல்லாவற்றையும் செய்வதில்லை.

முதலாவது, ஒளிவது. மேலே சொன்ன எம்ஹெச்சி தாங்கியைக் கட்டிச் செல் குறைத்துக்கொள்ளும். அதற்குத் தேவையான பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்ற புரதத்தின் மரபணு கெட்டுப்போனால் தாங்கி வெளியே வராது. டி செல் படிக்க ஒன்றும் இருக்காது. (தாங்கி இல்லாத செல்லைக் கொல்லவென்றே என்கே செல் என்று ஒன்று உண்டு. அதையும் கட்டி வேறு விதத்தில் சமாளித்துக்கொள்கிறது.)

இரண்டாவது, தகவலைத் தடுப்பது. கட்டித் துணுக்கை நிணநீர்க் கணுவுக்கு எடுத்துப்போய் டி செல்லிடம் காட்டுகிறவை டென்ட்ரிடிக் செல்கள். இவற்றை 1973இல் விவரித்த ரால்ஃப் ஸ்டைன்மனுக்கு 2011இல் நோபல் கிடைத்தது. பேட்ஃப்3 என்ற மரபணு இல்லாத எலிகளில் இந்தச் செல்லில் ஒரு வகை உருவாகாது. சாதாரண எலி ஒழித்துவிடுகிற கட்டிகூட அந்த எலிகளில் வளர்ந்துவிடுகிறது. பல கட்டிகள் டென்ட்ரிடிக் செல்களை உள்ளே வரவிடாமலும், வந்ததை முதிரவிடாமலும் வைக்கின்றன.

மூன்றாவது, டி செல்லின் தடுப்பு விசையை அழுத்துவது. டி செல்லின் மேல் பிடி-1 என்று ஓர் ஏற்பி (வெளியிலிருந்து செய்தியை வாங்கும் புரதம்) இருக்கிறது. அதைத் தொடுகிற பிடி-எல்1 புரதத்தைக் கட்டிச் செல் தன்மேல் வளர்த்துக்கொள்ளும். இதில் ஒரு விபரீதம் உண்டு. டி செல் சண்டை போடும்போது சுரக்கிற இன்டர்ஃபெரான்-காமா என்ற செய்திப் புரதம்தான், கட்டிச் செல்லைப் பிடி-எல்1ஐ அதிகமாக்கத் தூண்டுகிறது. டி செல் நன்றாக வேலை செய்யச் செய்ய, அதற்கு எதிரான தடுப்பும் கூடிக்கொண்டே போகும்.

நான்காவது, ஆள் சேர்ப்பது. ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்று ஒரு வகை, நம் உடம்பை நாமே தாக்கிக்கொள்ளாமல் காக்கிறது. 1995இல் ஷிமோன் சகாகுச்சி எலியில் இவற்றைப் பிரித்துக் காட்டினார். 2001இல் மேரி பிரங்கோவும் ஃப்ரெட் ராம்ஸ்டெல்லும் ஸ்கர்ஃபி என்ற நோயாளி எலி வகையில் கெட்டுப்போயிருந்த ஃபாக்ஸ்பி3 மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். இந்தச் செல்கள் உருவாக அது வேண்டும். 2025 நோபல் இந்த மூவருக்கும். கட்டிக்குள் இந்தச் செல்கள் குவிந்து கொல்லி டி செல்களை அடக்கிவைக்கின்றன. எலும்பு மஜ்ஜையிலிருந்து முதிராமலே வந்து சேர்கிற மைலாய்டு செல்களும் கட்டியின் பக்கம் சாய்ந்த மேக்ரோபேஜ்களும் (கிருமியை விழுங்கும் செல்கள்) இதற்குத் துணை. இரண்டும் வெள்ளையணு வகைகளே. டிஜிஎஃப்-பீட்டா, ஐஎல்-10 என்ற சுரப்புகள் இன்னும் அமுக்குகின்றன.

ஐந்தாவது, பட்டினி. கட்டிச் செல்கள் குளுக்கோஸை மளமளவென்று இழுத்துக்கொள்ளும். கொல்லி டி செல்லும் வேலை செய்யும் நேரத்தில் குளுக்கோஸையே நம்பியிருக்கிறது. தாமிரபரணிக் கால்வாயில் தலைமடைக்காரர் மடையை முழுக்கத் திறந்துவிட்டால் கடைமடை வயலுக்கு என்ன மிஞ்சுமோ அவ்வளவுதான் டி செல்லுக்குக் கிடைக்கும். அதோடு கட்டி லாக்டிக் அமிலத்தைக் கொட்டிச் சுற்றுப்புறத்தைப் புளிக்கவைக்கிறது. ஆர்ஜினேஸ் என்சைம் அர்ஜினைனைத் தின்றுவிடுகிறது, ஐடிஓ என்சைம் டிரிப்டோஃபானைத் தின்றுவிடுகிறது. இரண்டும் டி செல் பெருகுவதற்கு வேண்டிய அமினோ அமிலங்கள்.

டி செல் 'சோர்ந்துபோகிறது' என்கிறீர்களே, செத்துப்போகிறதா?

இல்லை. உயிரோடுதான் இருக்கும். இதை முதலில் கண்டது கட்டியில் அல்ல, வைரஸில். எல்சிஎம்வி என்ற எலி வைரஸின் ஒரு வகை உடம்பைவிட்டுப் போகாமல் மாதக்கணக்கில் தங்கும். அந்த எலிகளில், வைரஸை அடையாளம் காணும் டி செல்கள் இருந்தும் வேலை செய்யவில்லை என்று 1998இல் காட்டினார்கள். வேலை ஒரேயடியாகப் போய்விடுவதும் இல்லை. முதலில் ஐஎல்-2 என்ற செய்திப் புரதத்தைச் சுரப்பதும் பெருகுவதும் நிற்கும், அப்புறம் டிஎன்எஃப் என்ற இன்னொன்று, கடைசியில் இன்டர்ஃபெரான்-காமா. அடையாளம் கண்ணெதிரே இருந்துகொண்டே இருந்தால் வருகிற களைப்பு இது. கட்டிக்குள்ளும் அதே நிலைமைதான், அடையாளம் ஒருநாளும் மறைவதில்லை.

சோதிப்பது எப்படி என்றால், எலியிலிருந்து எடுத்த கட்டியைக் கத்தரிக்கோலால் பொடியாக நறுக்கி, கொலாஜினேஸ் என்ற என்சைமை ஊற்றி, வலையில் வடிகட்டித் தனிச் செல்களாக்குவார்கள். மண்ணீரலையும் அப்படியே. இரண்டிலிருந்தும் டி செல்லை நாலைந்து மணி நேரம் தூண்டிவிட்டு, உள்ளே இன்டர்ஃபெரான்-காமா எவ்வளவு என்று ஒளிரும் ஆன்டிபாடியால் பார்ப்பார்கள். செல்களை ஒவ்வொன்றாக ஒளியால் அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டர் கருவியின் திரையில் மண்ணீரல் டி செல் புள்ளிகள் கூட்டமாக மேலே ஏறியிருக்கும். கட்டியிலிருந்து வந்தவை பெரும்பாலும் கீழேயே கிடக்கும், பிடி-1 மட்டும் ஏறியிருக்கும். இரண்டும் ஒரே எலியின் செல்கள். முதல் தடவை பார்க்கும்போது எனக்கு நம்பவே முடியவில்லை.

கொஞ்சம் ஓய்வு கொடுத்தால் அந்த டி செல் தேறிவிடாதா?

எப்போது கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. 2017இல் வந்த ஓர் எலி ஆய்வு இதை நன்றாகக் காட்டியது. கட்டிக்குள் ஒரு வாரம் இருந்த டி செல்லை வெளியே எடுத்தால் தேறியது. இரண்டு வாரம் தாண்டியது தேறவில்லை. அதற்குள் டிஎன்ஏ சுருட்டி வைக்கப்பட்டிருக்கும் விதமே மாறிவிடுகிறது. எந்த மரபணு திறந்திருக்கும், எது பூட்டியிருக்கும் என்பது புதிதாக நிலைபெற்றுவிடுகிறது. இந்த மாற்றத்தில் டாக்ஸ் என்ற புரதத்துக்குப் பெரிய பங்கு என்று 2019இல் பல குழுக்கள் ஒரே சமயத்தில் வெளியிட்டன.

எல்லாமே போய்விடுவதும் இல்லை. டிசிஎஃப்-1 என்ற புரதத்தை வைத்திருக்கும் ஒரு சிறு பிரிவு பெருகும் திறனை விடாமல் வைத்திருக்கும். பிடி-1ஐத் தடுக்கும் மருந்து கொடுத்தால் முக்கியமாகக் கிளம்பி வருவது இந்தப் பிரிவுதான். முற்றிலும் சோர்ந்தது எழுந்து வருவதில்லை. ஒரே மருந்து ஒருவருக்குப் பிடித்து இன்னொருவருக்குப் பிடிக்காமல் போவதில் இதற்கும் ஒரு பங்கு இருக்கிறது.

பலவீனம் கட்டிக்குள் மட்டும்தானா, எலியின் உடம்பு முழுக்கவா?

பெரும்பாலும் கட்டிக்குள்தான். ஆனால் கட்டி பெரிதாகப் பெரிதாக வெளியிலும் பரவும். பழைய ஆய்வு ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். 1980இல் பெரென்ட், நார்த் இருவரும் செய்தது. கட்டி வைத்த எலிக்கு, கொஞ்ச நாள் கழித்து இன்னோர் இடத்தில் அதே கட்டியை வைத்தால், முதல் கட்டி வளர்ந்துகொண்டிருக்கும்போதே இரண்டாவது பிடிக்காது. எதிர்ப்பு உடம்பில் உண்டாகியிருக்கிறது என்று அர்த்தம். இன்னும் சில நாள் போனால் அந்த எதிர்ப்பு தேய்ந்துவிடும். ஏன் என்று தேடியபோது, அடக்குகிற டி செல்கள் அந்த இடைவெளியில் உருவாகியிருப்பதைக் கண்டார்கள். 'அடக்கும் டி செல்' என்ற எண்ணமே பின்னால் கேலிக்குள்ளாகி, சகாகுச்சி வந்த பிறகுதான் மரியாதை திரும்பியது.

1992இல் வந்த இன்னோர் ஆய்வில், நீண்ட நாள் கட்டி சுமந்த எலிகளின் மண்ணீரல் டி செல்களில், ஏற்பியிலிருந்து உள்ளே செய்தி கடத்தும் ஸீட்டா சங்கிலி என்ற புரதமே குறைந்திருந்தது. வெள்ளை எலிக்கு 4டி1 என்ற மார்பகக் கட்டியை வைத்தால், மண்ணீரல் பல மடங்கு வீங்கிவிடும். உள்ளே நிரம்பியிருப்பது மேலே சொன்ன மைலாய்டு செல்கள்.

தடுப்பை எடுத்துவிட்டால் கட்டி கரைந்துவிடுமா?

சில கட்டி கரையும். 1996இல் ஜேம்ஸ் அலிசன் குழு சிடிஎல்ஏ-4 என்ற தடுப்பு ஏற்பிக்கு எதிரான ஆன்டிபாடியை எலிக்குக் கொடுத்தபோது கட்டி மறைந்தது. பிடி-1ஐ 1992இல் கண்டவர் தசுகு ஹோஞ்சோ. 2018 நோபல் இருவருக்கும். இதன் வழியே வந்த இபிலிமுமாப் 2011இலும், பிடி-1ஐத் தடுக்கும் பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் இரண்டும் 2014இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன.

ஆனால் பி16 இருக்கிறதே, அந்தக் கறுப்புக் கட்டி, சிடிஎல்ஏ-4 ஆன்டிபாடியை மட்டும் கொடுத்தால் அசைவதே இல்லை. தடுப்பூசி மாதிரி இன்னொன்றையும் சேர்த்துக் கொடுத்தால்தான் மசியும். பி16 போன்ற சில கட்டிகளுக்குள் டி செல் அதிகம் போவதே இல்லை. அப்போது தடுப்பை எடுத்து என்ன பயன்?

அந்த ஊசி நம்ம ஊர்க்காரங்களுக்குக் கட்டுப்படியாகுமா மேடம்?

முழு அளவில் பெரும்பாலானவர்களுக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் மும்பை டாடா மெமோரியல் மருத்துவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 151 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வழக்கமான குறைந்த அளவு மாத்திரைகளோடு நிவோலுமாபை வெறும் 20 மில்லிகிராம், மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொடுத்தார்கள். வழக்கமான அளவில் இது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரு வருட முடிவில் உயிரோடு இருந்தவர்கள், மாத்திரை மட்டும் எடுத்த பிரிவில் 16.3 சதவீதம், ஊசியும் சேர்ந்த பிரிவில் 43.4 சதவீதம். 2023இல் வெளியானது. முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் பீடியோடு வாழ்கிற குடும்பங்களுக்கு வாய்ப் புற்றுநோய் புதிய சொல் இல்லை என்பதால் இந்தக் கணக்கை முழுதாகச் சொன்னேன். உங்கள் நோய்க்குப் பொருந்துமா என்பதை டாக்டரிடம் கேளுங்கள்.

டி செல்லையே வெளியில் எடுத்துப் பழக்கி விடுகிறார்களாமே?

அது கார்-டி சிகிச்சை. ஐஐடி பாம்பேயும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19க்கு 2023 அக்டோபரில் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. பி செல் வகை ரத்தப் புற்றுநோய்களுக்கு மட்டும். நுரையீரல், வயிறு போன்ற இடங்களில் வரும் கெட்டிக் கட்டிகளில் அந்த அளவு பலன் இல்லை. எவ்வளவு பழக்கி அனுப்பினாலும், மேலே சொன்ன தொல்லைகளில் பல உள்ளே காத்திருக்கின்றன.

எலிக்குச் சரியானால் நமக்கும் சரியாகத்தானே வேண்டும்?

ஆகவேண்டும் என்று கட்டாயம் இல்லை. டிரிப்டோஃபானைத் தின்கிற ஐடிஓ என்சைமைப் பார்த்தோமே, அதைத் தடுக்கும் எபாகாடோஸ்டாட் என்ற மருந்து எலியில் நன்றாக இருந்தது. மனிதர்களில் முதற்கட்டச் சோதனைகளும் நம்பிக்கை தந்தன. 2018இல் பெரிய சோதனையில், பெம்ப்ரோலிசுமாபோடு சேர்த்தும் கூடுதல் பலன் ஒன்றுமில்லை.

எலிக் கட்டி இரண்டு மூன்று வாரத்தில் வளர்ந்துவிடும். மனிதக் கட்டி பல வருடம் டி செல்லோடு மல்லுக்கட்டி வந்தது. ஆய்வக எலி இளசு, மனிதருக்கு நோய் வருவது பெரும்பாலும் வயதான பிறகு. அதோடு ஆய்வக எலி கிருமியே இல்லாத கூண்டில், கிருமி நீக்கிய தீனி தின்று வளர்கிறது. 2016இல் ஒரு குழு செல்லப்பிராணிக் கடை எலிகளோடு ஆய்வக எலிகளைச் சேர்த்து வளர்த்தபோதுதான், அவற்றின் எதிர்ப்பு மண்டலம் வளர்ந்த மனிதனுடையதை நெருங்கியது. சேர்த்ததில் சில ஆய்வக எலிகள் நோய் கண்டு செத்தும் போயின. குடல் பாக்டீரியாவும் சும்மா இல்லை. இரண்டு வெவ்வேறு நிறுவனங்களில் வாங்கிய ஒரே வகை எலிகளில் பி16 வெவ்வேறு வேகத்தில் வளர்ந்தது, காரணம் பிஃபிடோபாக்டீரியம் என்று 2015இல் கண்டார்கள்.

நம்ம ஊர் வெயில் எதிர்ப்பு சக்தியைக் குறைக்குமா?

மளிகைக் கடை அண்ணாச்சி சித்திரை மாதத்தில் கேட்டது. மனிதர்களைப் பற்றி எலித் தரவை வைத்து ஒன்றும் சொல்லக்கூடாது. எலியைப் பற்றிச் சொல்லலாம், அதுவும் தலைகீழாக இருக்கும். ஆய்வக எலிகளை 22 டிகிரி அளவில் வைப்பது வழக்கம். ஆட்களுக்கு அது சுகம், எலிக்குக் குளிர். அதற்குப் பிடித்தது 30 டிகிரி. 2013இல் ஓர் அமெரிக்கக் குழு இரண்டு வெப்பத்திலும் வைத்துப் பார்த்தது. 30 டிகிரியில் கட்டி மெதுவாக வளர்ந்தது, கொல்லி டி செல்கள் நன்றாக வேலை செய்தன. குளிரில் எலி உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ள நார்அட்ரினலினைச் சுரக்கிறது, அது டி செல்லை அமுக்குகிறது. 2017இல் பீட்டா பிளாக்கர் (நார்அட்ரினலினின் வேலையைத் தடுக்கும் மருந்து) கொடுத்ததும் குளிரிலேயே பிடி-1 மருந்து நன்றாக வேலை செய்தது. உலகத்தின் எத்தனையோ எலி ஆய்வுகள் நடுங்குகிற எலிகளில் நடந்தவை என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். "அதுக்கும் ஒரு போர்வை குடுங்கம்மா" என்றார். கூடு கட்டப் பஞ்சு போடுகிறார்கள் என்பது உண்மை.

முள்சீத்தா இலைக் கஷாயம் எலியில் கட்டியைக் கரைத்ததாக வாட்ஸ்அப்பில் வந்ததே?

குடுவையில் இருக்கிற புற்றுச் செல்லை எத்தனையோ சாறு கொல்லும். பினாயிலும் கொல்லும். எலியில் வேலை செய்ததாகச் சொல்கிறவற்றில் பல, முடியில்லாத எலியில் நடந்தவை, டி செல்லைப் பற்றி அவை எதுவும் சொல்லாது. முள்சீத்தா குடும்பச் செடிகளில் அன்னோனாசின் என்ற நரம்பு நஞ்சு இருக்கிறது. கரீபியன் தீவான குவாதலூப்பில் இவற்றை அதிகம் சாப்பிட்டவர்களிடம் பார்க்கின்சன் போன்ற நோய் கூடுதலாகக் காணப்பட்டது. கீமோ நடக்கும்போது டாக்டருக்குத் தெரியாமல் குடிக்கவே கூடாது. 'எதிர்ப்பு சக்தி கூட்டும்' டானிக்குகளுக்கும் என் பதில் இதுதான். சோர்ந்த டி செல்லை எழுப்புகிற டானிக் எதுவும் கடையில் இல்லை.

எலிகள் பாவம் இல்லையா?

பாவம்தான். இதற்குச் சமாதானம் சொல்லி ஒப்பேற்ற எனக்கு விருப்பம் இல்லை. இந்தியாவில் 1960 விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் ஒரு மத்தியக் குழு இருக்கிறது. ஒவ்வொரு நிறுவனமும் அதில் பதிவுசெய்து, தன் நெறிமுறைக் குழுவிடம் எத்தனை எலி, ஏன் அத்தனை, வலியை எப்படிக் குறைப்பாய், எந்த நிலையில் நிறுத்துவாய் என்று எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். கட்டி வரம்பைத் தாண்டினாலோ புண்ணானாலோ எலி தீனி எடுக்காமல் முடி சிலிர்த்து மூலையில் ஒடுங்கினாலோ, ஆய்வு பாதியில் நின்றாலும் பரவாயில்லை, வலியில்லாமல் முடித்துவிட வேண்டும். 2023இல் மருந்துச் சோதனை விதிகளைத் திருத்தி, விலங்கில்லாத முறைகளுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். கட்டிக்கும் டி செல்லுக்கும் நடப்பதை முழுசாகப் பார்க்க, நிணநீர்க் கணு, மண்ணீரல், ரத்த ஓட்டம் எல்லாம் உள்ள ஓர் உடம்பு இன்னமும் தேவைப்படுகிறது.

என் மகள் பி.எஸ்ஸி. விலங்கியல் படிக்கிறாள். இந்தத் துறைக்கு எப்படிப் போவது?

முதுகலையில் விலங்கியலோ பயோடெக்னாலஜியோ எடுத்து, சிஎஸ்ஐஆர் நெட் தேர்வுக்கு இப்போதே படிக்கச் சொல்லுங்கள். அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இருக்கிறது, அருகிலேயே தொடங்கலாம். எலியில் புற்றுநோயும் எதிர்ப்பு மண்டலமும் பார்க்க வேண்டும் என்றால் நவி மும்பையில் டாடா மெமோரியலின் ஆய்வு மையமான ஆக்ட்ரெக், டெல்லியில் தேசிய நோயெதிர்ப்பியல் நிறுவனம், பெங்களூரில் ஐஐஎஸ்சி போன்ற இடங்களுக்குப் போக வேண்டிவரும். கோடை விடுமுறையில் மாணவர்களை எடுக்கிற இடங்கள் உண்டு. விண்ணப்பம் பெரும்பாலும் முந்தைய குளிர்காலத்திலேயே முடிந்துவிடும், அதனால் கார்த்திகையிலேயே தேடத் தொடங்கட்டும். எலி முடி ஒவ்வாமை இருக்கிறதா என்பதையும் முன்பே பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதனாலேயே பாதியில் திரும்பியவர்கள் இருக்கிறார்கள்.